150-600 ஜூம்: தூரத்துல மட்டும் போகஸ் விலகுது, 400 பக்கம் ஸ்டெபிலைசர் குதிக்குது

அல்சூர் மைனா

வணக்கம். கேமரா பாடி கேனன் 7டி மார்க் 2. லென்ஸ் வெளிக் கம்பெனியோட (கேனன் இல்லாத) 150-600 மி.மீ. ஜூம், எஃப் 5-6.3, செகண்ட் ஹேண்ட். கம்பெனி பேரை வேணும்னேதான் சொல்லலை. சொன்னா ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்குவீங்க. கடைக்காரர் ஏழு நாள் செக்கிங் டைம் கொடுத்திருக்கார், அதுல மூணு நாள் போயிடுச்சு.

4, 5 மீட்டர்ல உட்கார்ற தேன்சிட்டு 600-ல ஊசி மாதிரி விழுது. அதே 600-ல ஏரியில 25, 30 மீட்டர் தள்ளி நிக்கிற நாரை மெத்துனு இருக்கு. பறவை மரத்துக்கு முன்னாடி இருந்தா போகஸ் இந்த முனையில இருந்து அந்த முனைக்குப் போய்ட்டு வருது. அதுக்குள்ள பறவை பறந்துடுது. ஸ்டெபிலைசர் ஆன்ல இருந்தா வியூஃபைண்டர்ல படம் சில சமயம் படக்குனு குதிக்குது, 400 பக்கம் வரும்போது அதிகம். ரெண்டு தடவை கேமராவுல எர் 01-னு பிழை வந்துச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் போயிடுச்சு. கடைசியா, லென்ஸைக் கழட்டி லேசா ஆட்டினா உள்ளே கடகடனு சத்தம்.

மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்ல (போகஸை முன்ன பின்ன நகர்த்துற பாடி செட்டிங்) +7 வச்சுப் பார்த்தேன். நாரை தேறுச்சு, தேன்சிட்டு கெட்டுப்போச்சு. இதுல எது செட்டிங், எது சரிபண்ணக் கூடியது, எது நிஜப் பழுது? வச்சுக்கவா, திருப்பிடவா?

கெம்பாபுரா கொக்கு

சத்தத்தை முதல்ல கணக்குல இருந்து எடுத்துடுங்க. ஸ்டெபிலைசர்ங்கிறது கை நடுக்கத்தை ஈடுகட்ட லென்ஸுக்குள்ள மேல கீழ, பக்கவாட்டுல நகர்ற ஒரு கண்ணாடித் தொகுதி. வேலை முடிஞ்சதும் அது நடுவுக்கு வந்து பூட்டிக்கும். ஓடிட்டு இருக்கும்போதே லென்ஸைக் கழட்டினாலோ பேட்டரியை உருவினாலோ பூட்டு விழாம ஊசலாடும். மறுபடி மாட்டி ஆன் பண்ணுங்க, ஷட்டரை அரை அழுத்தம் அழுத்தி விடுங்க, ரெண்டு மூணு வினாடி பொறுத்து ஆஃப் பண்ணிட்டுக் கழட்டுங்க. சத்தம் நின்னா விஷயம் முடிஞ்சது.

அடுத்தது 'மெத்துனு இருக்கு'. இது டாக்டர்கிட்டப் போய் 'உடம்பு சரியில்லை'ன்னு சொல்ற மாதிரி. 600-ல படம் கெட மூணு தனித்தனிக் காரணம் இருக்கு. படத்தை 100 சதவீதத்துல பெருசாக்கிப் பார்த்தா மூணுக்கும் முகம் வேற. போகஸ் விலகியிருந்தா பறவை மங்கல், ஆனா அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒரு புல்லோ கல்லோ கத்தி மாதிரி நிக்கும். கை நடுக்கம்னா படத்துல எதுவுமே கூர்மையா இருக்காது. தண்ணியில மின்னுற ஒளிப்புள்ளி எல்லாம் ஒரே திசையில குட்டிக் கோடா இழுபட்டிருக்கும். கானல்னா, அதாவது சூடான காத்தோட அலைன்னா, அலகோட ஓரம் நெளியும், பத்து ஷாட் தொடர்ச்சியா எடுத்தா பத்தும் பத்து விதமாக் கெட்டிருக்கும், நடுவுல ஒண்ணு ரெண்டு நல்லா விழும். கானலுக்கு எந்த லென்ஸ்லயும் மருந்து கிடையாது. பெங்களூர் பக்கத்து ஹெசரகட்டா புல்வெளியில வெயில் ஏறினதுக்கு அப்புறம் 600-ல தூரத்துப் பருந்தை எடுத்துட்டு லென்ஸைத் திட்றவங்க நிறைய. ஏசி காருக்குள்ள இருந்து கண்ணாடியை இறக்கிட்டு எடுத்தாலும் இதே கதைதான், குளிர்க் காத்தும் சூடான காத்தும் ஜன்னல்லயே கலக்குது.

அதனால டெஸ்ட்டைக் காலையில 7 மணிக்கு முன்னாடி, இல்லைன்னா மேகமூட்டத்துல செய்யுங்க. முன்னாடி யூவி ஃபில்டர் இருந்தா கழட்டிடுங்க. 600-ல மலிவு ஃபில்டர் போகஸையும் கெடுக்கும், கூர்மையையும் கெடுக்கும்.

முக்காலியில வச்சு ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணுங்க. குறி 20 மீட்டர்ல. போக்கல் லெங்த் (150, 600-ங்கிற அந்த மி.மீ. எண்) மாதிரி 25-ல இருந்து 50 மடங்கு தூரம்னு ஒரு கணக்கு, 600-க்கு 15-ல இருந்து 30 மீட்டர் வரும். இந்தத் தூரத்துல எஃப் 6.3-ல, உங்க சென்சார் அளவுக்கு, கூர்மையா இருக்கிற ஆழம் மொத்தமே சுமார் 27 செ.மீ. 10 மீட்டர்ல அது கிட்டத்தட்ட 7 செ.மீ. தான். அதனால பள்ளிக்கூட அடிஸ்கேலைச் சாய்ச்சு வச்சு 20 மீட்டர்ல ஒண்ணும் தெரியாது. அபார்ட்மென்ட் பார்க்கிங்ல பதிச்ச இன்டர்லாக் கல்லு இருக்கே, அதுதான் அருமையான அளவுகோல். முக்காலியைத் தாழ்வா வச்சு, கல் வரிசை மேல ஒரு பெட்டியை நிறுத்தி, அதுல அச்சடிச்ச தாளை ஒட்டி, வியூஃபைண்டர்ல நடு போகஸ் பாயிண்டைத் தாள்ல வையுங்க. எந்தக் கல் வரிசை கூர்மையா இருக்குன்னு எண்ணினாலே எவ்வளவு முன்ன, எவ்வளவு பின்னன்னு தெரிஞ்சுடும்.

+7-ஐ பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி போகஸ் வளையத்தைக் கையால கடைசி வரை திருப்பி விடுங்க, ஒரு தடவை கிட்டத்து முனை, ஒரு தடவை தூரத்து முனை. அரை அழுத்தம், போகஸ், 2 வினாடி டைமர்ல ஷாட். வியூஃபைண்டர்ல பத்து, லைவ் வியூல (பின்திரையில பார்த்து) பத்து. வியூஃபைண்டர்ல போகஸை அளக்கிறது பாடிக்குள்ள இருக்கிற மிரருக்குக் கீழ உள்ள தனி சென்சார். லைவ் வியூல படம் பிடிக்கிற சென்சாரே அளக்குது. அதனால லைவ் வியூதான் தராசு.

வியூஃபைண்டர் பத்தும் ஒரே பக்கம், கிட்டத்தட்ட ஒரே அளவு விலகியிருந்தா அது சரிபண்ணக் கூடியது. பத்தும் முன்ன பின்ன சிதறியிருந்தா அட்ஜஸ்ட்மென்ட்டால ஒரு பிரயோஜனமும் இல்லை. சிதறலோட நடுப்புள்ளியைத்தான் நகர்த்துவீங்க, சிதறல் அப்படியே இருக்கும். லைவ் வியூ பத்தும் மங்கலா இருந்தா லென்ஸ் கண்ணாடியிலயே கோளாறு, கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிடுங்க.

உங்க +7 ஏன் ஒண்ணைத் தேத்தி இன்னொண்ணைக் கெடுத்துச்சுன்னா, பாடிக்குள்ள இருக்கிற அட்ஜஸ்ட்மென்ட்டுக்குத் தூரம்னு ஒண்ணு தெரியாது. 7டி மார்க் 2-ல ஜூமோட அகல முனைக்கு (150) ஒரு எண், டெலி முனைக்கு (600) ஒரு எண், ரெண்டும் -20-ல இருந்து +20 வரை. 4 மீட்டருக்கும் 40 மீட்டருக்கும் அதே எண்தான். ப்ளஸ் வச்சா போகஸ் பின்னாடி போகும். உங்க லென்ஸ் கிட்டத்துல சரி, தூரத்துல மட்டும் முன்னாடி விழுது. ப்ளஸ் வச்சதும் தூரம் சரியாச்சு, கிட்டம் பின்னாடி போயிடுச்சு. இதுக்குத்தான் டாக், லென்ஸைக் கம்ப்யூட்டரோட இணைச்சு உள் எண்களை மாத்துற கருவி. சிக்மான்னா யூடி-01 டாக், கூடவே ஆப்டிமைசேஷன் ப்ரோ மென்பொருள்: நாலு போக்கல் லெங்த், நாலு தூரம், 16 கட்டத்துல தனித்தனி எண் போடலாம். டாம்ரான்னா டேப்-இன் கன்சோல், ஆனா ரெண்டாம் தலைமுறை 150-600-க்குத்தான்; முதல் 150-600-ஐ அது ஏத்துக்காது. வாங்கும்போது கேனன் மவுண்ட்டான்னு (லென்ஸை மாட்டுற வாய்) பாருங்க, நிக்கான் டாக் மாட்டாது.

டாக்ல வேலை செய்யும்போது பாடி அட்ஜஸ்ட்மென்ட் பூஜ்யத்துல இருக்கணும், இல்லைன்னா ரெண்டும் கூடிக் குழப்பும். 600-ன் தூரக் கட்டத்துல ஆரம்பிச்சு, 5 எண்ணா ஏத்தி, எழுதி, மாட்டி, பத்து ஷாட் எடுத்துப் பாருங்க. நல்லா இருக்கிற கட்டத்தைத் தொடாதீங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னு (கன்னடத்துல 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க') ஊர்ல சொல்றது இதுக்கும் பொருந்தும், ஸ்வல்ப தான். ஆனா எர் 01-க்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் டாக்ல காசு போட வேண்டாம்.

நடு பாயிண்ட்

முன்னும் பின்னும் ஓடுறதுக்கு நான் சொல்றேன்.

லென்ஸ் பக்கவாட்டுல போகஸ் தேடுற தூரத்தைக் கட்டுப்படுத்துற லிமிட்டர் சுவிட்ச் இருக்கும். சிக்மா 150-600-லயும் டாம்ரான் ரெண்டாம் தலைமுறையிலயும் 10 மீட்டர்ல இருந்து முடிவிலி வரைன்னு ஒரு நிலை உண்டு. ஏரிக்குப் போனா அதுல வச்சுடுங்க. ஆட்டோபோகஸ் கிட்டத்துப் பக்கம் தேடவே போகாது. அடுத்து மெனுல ஏஎஃப் பகுதியில நாலாவது பக்கம்: போகஸ் கிடைக்காதபோது லென்ஸ் தேடிக்கிட்டே இருக்கணுமா, நிக்கணுமான்னு ஒரு வரி. 'நிறுத்து'ன்னு வையுங்க. 600-ல ஒரு தடவை முழுசா விலகிட்டா வியூஃபைண்டர்ல வெறும் பச்சைப் புகைதான் தெரியும், அதுக்கப்புறம் கேமராவுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. நின்ன இடத்துல இருந்து வளையத்தைக் கையால தோராயமாத் திருப்பி, மறுபடி அழுத்துறது ரொம்ப வேகம்.

65 போகஸ் பாயிண்டையும் திறந்து விட்டா கேமரா கிட்டத்து இலையைத்தான் பிடிக்கும். கிளை நடுவுல ஒத்தைப் பாயிண்ட், வானத்துல பறக்கிறதுக்கு நாலு பாயிண்ட் விரிவு. அந்தப் பாடியில 65-ம் எஃப் 5.6 லென்ஸுக்குத்தான் உத்தரவாதம், எஃப் 8-ல நடு பாயிண்ட் மட்டும். உங்க லென்ஸ் 6.3, ஓரத்துல நிக்குது. வெளிச்சம் குறைஞ்சா நடு பாயிண்டை விட்டு நகராதீங்க. 1.4 கன்வர்ட்டர் (படத்தை இன்னும் பெருசாக்குற இணைப்பு) மாட்டுற ஆசை இருந்தா விட்டுடுங்க: 6.3-ஐ 1.4-ஆல பெருக்கினா ஏறக்குறைய 9, அங்க ஆட்டோபோகஸுக்கு இடமில்லை.

ஏஐ சர்வோல (நகர்றதை விடாமத் தொடர்ற போகஸ் முறை) முதல் படத்துக்கான முன்னுரிமை 'ரிலீஸ்' பக்கம் இருந்தா போகஸ் வர்றதுக்கு முன்னாடியே ஷட்டர் விழும். 'போகஸ்' பக்கம் தள்ளுங்க. டிராக்கிங் சென்சிட்டிவிட்டியை -1-ல வையுங்க, குறுக்கே கிளை வந்தா போகஸ் உடனே அதுக்குத் தாவாது.

ஸ்டெபிலைசருக்கு ஒரு வினாடி கொடுங்க. அரை அழுத்தத்துல பூட்டு திறந்து கண்ணாடி நிலைக்கு வர நேரம் ஆகும். அதுக்குள்ள முழுசா அழுத்தினா முதல் ரெண்டு ஃப்ரேம் இழுபடும். அசையாத முக்காலியில ஆஃப். ஷட்டர் வேகம் 1/1600-க்கு மேல போனா கையில பிடிச்சாலும் ஆஃப், அந்த வேகத்துல அது தேவையே இல்லை.

சால்ட்ரிங் ஸ்டேஷன்

1/1600-க்கு மேல ஆஃப்ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். உங்க பாடியோட சின்ன சென்சார்ல 600-ங்கிறது 960 மாதிரி. கையில பிடிச்சா வியூஃபைண்டர் ஆடுற ஆட்டத்துல ஒத்தைப் பாயிண்ட் பறவை மேல நிக்கவே நிக்காது. ஸ்டெபிலைசர் அங்க படத்துக்காக இல்லை, போகஸுக்காக ஓடுது. கையிலன்னா ஆன் பண்ணியே வையுங்க. டாம்ரான் ரெண்டாம் தலைமுறைன்னா மோட் 3 வேண்டாம், அது ஷட்டர் விழும்போது மட்டும்தான் பிடிக்கும். மோட் 1 வையுங்க. மோட் 2 பக்கவாட்டுல வீசி எடுக்க.

இப்ப எர் 01. கேமரா சொல்றதோட அர்த்தம்: லென்ஸோட பேச்சு அறுந்துது, கான்டாக்டைத் துடை. அதைச் செய்யுங்க முதல்ல. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு எஸ்.பி. ரோடுல சின்ன பாட்டிலாவே கிடைக்கும். நூல் உதிராத துணியில ஒரு சொட்டு, லென்ஸ் பக்கத் தங்கப் புள்ளிகளை ஒரே திசையில. பாடி பக்கத்துல இருக்கிறது ஸ்ப்ரிங் பின், ஒவ்வொண்ணையும் லேசா அழுத்திப் பாருங்க, ஒண்ணு மட்டும் எழும்பாம இருந்தா கோளாறு பாடியிலதான். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப்பூச்சு போயிடும். ரப்பரும் வேண்டாம், தூள் பாடியில மிரர் இருக்கிற பெட்டிக்குள்ள விழும்.

மவுண்ட்டைப் பாருங்க. ரெண்டு கிலோ லென்ஸை பாடியைப் பிடிச்சுத் தொங்கவிட்டுத் தூக்கினா பின் வளையத்துத் திருகு தளரும். மாட்டி வச்சு லேசா மேலும் கீழும் அசைச்சா ஒரு இழை ஆட்டம் சகஜம், 'டக் டக்'னு தட்டினா சகஜம் இல்லை.

துடைச்ச பிறகும் பிரச்சினை இருந்தா ரெண்டு சோதனை. கேனன் மவுண்ட்ல அபெர்ச்சர் (ஒளி வர்ற துளை) இதழை நகர்த்துறது லென்ஸுக்குள்ள இருக்கிற மோட்டார். முழுசாத் திறந்து வச்சு எடுத்தா இதழ் நகர வேண்டியதில்லை. அதனால 400-ல திறந்த நிலையில பத்து, எஃப் 11-ல பத்து எடுங்க. திறந்ததுல எதுவும் இல்லாம எஃப் 11-ல மட்டும் எர் 01 வந்தா, சந்தேகம் அபெர்ச்சர் வயர் மேல.

ரெண்டாவது: லைவ் வியூ போட்டு, ஸ்டெபிலைசர் ஆன், அரை அழுத்தம் பிடிச்சுக்கிட்டே 150-ல இருந்து 600 வரை ரொம்ப மெதுவா, அரை நிமிஷம் எடுத்துத் திருப்புங்க. அப்புறம் அதே மாதிரி கீழே. படம் எந்த எண்ணுக்கு நடுவுல குதிக்குதுன்னு குறிங்க. எல்லா இடத்துலயும் குதிச்சா ஆட்டத்தை உணர்ற ஜைரோ சென்சாரோ அந்தக் கண்ணாடித் தொகுதியோ போயிருக்கலாம். ஒரே பட்டையில, ஏறும்போதும் இறங்கும்போதும் அதே எண்ல குதிச்சா அது ஃப்ளெக்ஸ் கேபிள். நாடா மாதிரி மெலிசான வயர்; ஜூம் திருப்பும் ஒவ்வொரு தடவையும் மடிஞ்சு விரியும். மடிப்பு விழற இடத்துல செம்புக்கோடு விண்டுடும். குறிப்பிட்ட நிலையில விரிசல் திறக்கும், மத்த நிலையில ஒட்டிக்கிட்டு வேலை செய்யும். அதனாலதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் 'சரியாயிடுச்சு'ன்னு தோணும். அது சரியாகாது, நாளுக்கு நாள் பட்டை அகலமாகும்.

கடைசியா பேட்டரி. முழு சார்ஜ்ல ஒரிஜினல் பேட்டரி போட்டு எல்லாத்தையும் செய்யுங்க. தளர்ந்த டூப்ளிகேட் பேட்டரி, போகஸ் மோட்டாரும் ஸ்டெபிலைசரும் சேர்ந்து இழுக்கும்போது தடுமாறும், இதே அறிகுறியெல்லாம் காட்டும்.

ஜெயநகர் நாலாவது பிளாக்

அப்போ ஒரிஜினல் கேனன் லென்ஸுக்கோ மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கோ போயிட்டா இந்தத் தலைவலியே இல்லைதானே?

நடு பாயிண்ட்

பாதி சரி. மிரர்லெஸ்ல அளக்கிறது படம் பிடிக்கிற சென்சாரே, அதனால முன்ன பின்ன விழற தலைவலி பெரும்பாலும் போயிடும், மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டும் தேவைப்படாது. பாடியும் லென்ஸும் பேசிக்கிற மொழித் தலைவலி போகாது. 1987-ல வந்த கேனன் இஎஃப் மவுண்ட்டோட மொழியை வெளிக் கம்பெனிங்க அதிகாரப்பூர்வமா வாங்கலை, ஒட்டுக்கேட்டுக் கத்துக்கிட்டது. புது பாடி புதுசா ஒரு கேள்வி கேட்டா பழைய லென்ஸ் முழிக்கும், அப்ப ஃபர்ம்வேர் (லென்ஸோட உள் மென்பொருள்) மாத்தணும். லென்ஸ் பிழைத் திருத்தத்தை மெனுல ஆஃப் பண்ணச் சொல்றதும் இதனாலதான், பாடி இதை வேற ஏதோ கேனன் லென்ஸ்னு நினைச்சுத் தப்பாத் திருத்த வாய்ப்பு இருக்கு. சோனி 2011-லயே இ மவுண்ட்டோட அடிப்படை விவரத்தை மத்தவங்களுக்குத் திறந்துடுச்சு, ஆனா வேகமான பாடியிலயும் வெளி லென்ஸுக்கு வினாடிக்கு 15 ஃப்ரேம்தான். நிக்கான் இசட் மவுண்ட்டுக்கு டாம்ரான் 2022-ல உரிமத்தோட வந்தது. கேனன் மிரர்லெஸ்ஸோட ஆர்எஃப் மவுண்ட்டுக்கு சிக்மாவும் டாம்ரானும் 2024-லதான் அறிவிச்சாங்க, அதுவும் சின்ன சென்சார் லென்ஸா. மைனாவோட கேள்வி அது இல்லை, விடுங்க.

அல்சூர் மைனா

எல்லாரும் சொன்னதைச் செஞ்சாச்சு. ஒரிஜினல் பேட்டரி, ஃபில்டர் இல்லை, காலை 6.40, மேகம்.

உள்சத்தம்: ஒழுங்கா ஆஃப் பண்ணிக் கழட்டினதும் நின்னுடுச்சு.
20 மீட்டர், 600, வியூஃபைண்டர்: பத்துல ஒன்பது முன்னாடி, சுமார் ஒரு கல் அளவு. ஒண்ணு சரி.
அதே இடம், லைவ் வியூ: பத்தும் சரி, பெட்டியில ஒட்டின தாளோட பொடி எழுத்து படிக்க முடியுது.
4 மீட்டர்: ரெண்டு வழியிலயும் சரி.
லிமிட்டர், தேடலை நிறுத்து: மரத்துக்கு முன்னாடி ஓடுறது பெருமளவு அடங்கிடுச்சு.
கான்டாக்ட் துடைச்ச பிறகு 400-ல திறந்து பத்து: பிழை இல்லை. எஃப் 11-ல பத்து: மூணு தடவை எர் 01. 200-லயும் 600-லயும் எஃப் 11: பிழை இல்லை.
மெதுவாத் திருப்பினது: ஏறும்போது 380-ல இருந்து 430 வரை படம் குதிக்குது. இறங்கும்போதும் அதே இடம். மத்த இடத்துல மிதக்கிற மாதிரி அமைதியா இருக்கு.

சால்ட்ரிங் ஸ்டேஷன்

ஃப்ளெக்ஸ். அபெர்ச்சரும் ஸ்டெபிலைசரும் ஒரே பட்டையில சேர்ந்து தடுமாறுது, கான்டாக்ட் சுத்தம், மத்த இடத்துல பிழையே இல்லை. வேற எதுவும் இப்படி ஒத்துவராது. லென்ஸை முழுசாப் பிரிச்சு வயர் மாத்தி, கண்ணாடியை மறுபடி மையத்துக்குக் கொண்டு வரணும். செகண்ட் ஹேண்ட் லென்ஸை வாங்கின வாரமே பிரிக்கிறதுல அர்த்தமில்லை. திருப்புங்க.

கெம்பாபுரா கொக்கு

நானும் அதேதான். போகஸ் முன்னாடி விலகுறது மட்டும் இருந்திருந்தா 'வச்சுக்கங்க, டாக் வாங்குங்க'ன்னு சொல்லியிருப்பேன். ஒன்பது ஷாட் ஒரே பக்கம், லைவ் வியூ துல்லியம்னா கண்ணாடி நல்ல கண்ணாடி. வயர் போனதுதான் கெடுத்துச்சு.

டாக் எதையும் இப்ப மாட்டாதீங்க. உள்ளே எண் மாறியிருந்தா 'நீங்கதான் நோண்டியிருக்கீங்க'ன்னு கடையில சொல்ல இடம் கொடுத்த மாதிரி ஆகும். பாடியில +7 இன்னும் இருந்தா பூஜ்யமாக்கிட்டுப் போங்க. 380-430 குதிக்கிறதைக் கேமராவோட பின்திரையை ஃபோன்ல வீடியோ எடுத்து வையுங்க, ஜூம் எண்ணும் அதே ஃப்ரேம்ல தெரியணும். கடையில 'போகஸ் சரியில்லை'ன்னு ஆரம்பிச்சா பாடி மேல பழியைப் போடுவாங்க. 400-ல எஃப் 11 வச்சு அவங்க பாடியிலயே பத்து ஷாட் எடுக்கச் சொல்லுங்க, மூணு எர் 01 அவங்க கண் முன்னாடி வரட்டும்.

மாத்தி வேற பீஸ் கொடுத்தா கவுண்டர்லயே பத்து நிமிஷம் நில்லுங்க. மெதுவா ஏத்தி இறக்கிற சோதனை ஒரு தடவை, 150, 250, 400, 600-ல எஃப் 11-ல அஞ்சஞ்சு ஷாட், ஃபோன் டார்ச்சைப் பின்பக்கம் பிடிச்சு முன்பக்கம் பார்த்து சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு ஒரு நோட்டம், மவுண்ட் ஆட்டம். தூரத்துப் போகஸ் சிதறாம ஒரே பக்கம் விலகியிருந்தா கவலைப்படாம வாங்குங்க, அதுக்கு டாக் இருக்கு.

அல்சூர் மைனா

வீடியோ எடுத்தாச்சு, எண் தெரியுது. நாளைக்குக் கடை திறந்ததும் போறேன். அவங்ககிட்ட கேனன் 80டி பாடி இருக்கு, அதுலயே போட்டுக் காட்டச் சொல்றேன். ஹூட், பின்மூடி, காலர் எல்லாம் பெட்டியில இருந்த மாதிரியே எடுத்து வச்சிருக்கேன்.